பரீட்சைக் கேஸ்

ஜூலை 3

வால் நட்சத்திரம் வந்த எண்பத்தாறாம் வருஷம் அது. பருத்தி விலை விழுந்து, நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஜின்னிங் மில் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. விடியும் முன்னே ஊரே பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் ஏறித் தென்கிழக்கே பார்த்தது. "அந்தா தெரியுது பாரு" என்று ஆளுக்கு ஆள் கை நீட்டினார்கள். எனக்குத் தெரியவில்லை. நேரே இருப்பது தெரிந்தது. இரண்டு ஓரமும் கதவை ஒருக்களித்துச் சாத்தினாற்போல் இருட்டு. கண் டாக்டரிடம் போனேன். அவர் கண்ணை விட்டுவிட்டு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மோதிரம் போடுவீங்களா?" என்றார். கல்யாண மோதிரத்தை அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் அறுத்து எடுத்திருந்தேன்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி. உடம்பு வளர்கிற காலம் முடிந்த பிறகும் வளரச் சொல்லிச் சொல்லிச் சுரந்துகொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் கை முறம் மாதிரி ஆனது, தாடை முன்னே வந்தது, கூடவே சர்க்கரையும் வந்தது. மூக்கு வழியாக ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்தார்கள். அன்றிலிருந்து இந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நான் சோலைமலை இல்லை, பெரியகை.

எனக்கு எழுத்துத் தெரியாது. இதை எழுதுவது அமலோற்பவம். ஆஸ்பத்திரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் அதே சுரப்பியில்தான் கோளாறு. எனக்கு அளவு தாண்டிச் சுரந்தது, அவளுக்குச் சுரக்கவே இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் நாலாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். முக்காலி போட்டு ஏறி நின்றுதான் மெஷினைத் திறப்பாள். கொரோனாவில் விற்காமல் போன டைரி ஒன்று கடையில் கிடந்தது. "சும்மா உக்காந்து கதையளக்குறதுக்கு இதுல சொல்லுங்கண்ணே, எழுதி வைப்போம்" என்றாள். நான் பேச்சில் சொல்வதை அவள் எழுத்துக்கு மாற்றிக்கொள்கிறாள்.

பகலில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை எனக்கு வேறு உத்தியோகம். சர்க்கரைக்கும் சுரப்பிக்கும் டாக்டராக வேண்டுமானால் சும்மா இல்லை. எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் எம்.டி., அதற்கும் மேல் மூன்று வருஷம் டி.எம். எம்.டி.க்கும் டி.எம்.முக்கும் கடைசிப் பரீட்சையில் நோயாளிதான் கேள்வித்தாள். படிக்கிற டாக்டர் என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கேட்டு, தொட்டு, தட்டிப் பார்த்து, என்ன வியாதி என்று வெளியூர் டாக்டர்கள் முன்னால் சொல்ல வேண்டும். கேள்வித்தாளாகப் படுக்கிறவனுக்குக் கேஸ் என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் கேஸ்.

"ஆபரேஷனோட கதை முடிஞ்சது" என்றேன்.

"சுனாமி வந்த மறுவருஷம் ஒரு மாசம் ஆளே காணோமே, அது?" என்றாள்.

அதை எழுத வேண்டாம் என்றேன்.

ஜூலை 4

மழை இல்லை. ஒரு இட்லி போதும் என்று தோன்றியது.

ஜூலை 11

ஓ.பி.க்குப் போனேன். என்னைப் பார்த்தது டாக்டர் நிலோஃபர். கீழக்கரைக்காரர். மூன்று வருஷப் படிப்பை முடித்துவிட்டுப் பரீட்சைக்காகக் காத்திருக்கிறார். சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, சுகர் எண்பத்தெட்டு! போன வருஷம் முந்நூறுல நின்னீங்க. என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலம்மா. டாக்டரம்மா கைராசி."

"கைராசியெல்லாம் இல்ல, நீங்க வாயக் கட்டியிருக்கீங்க. சூப்பர்." சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார்.

பின்னால் நின்றவன், "பெருசு, கொஞ்சுனது போதும், நகரு. இங்க முந்நூறு பேர் நிக்கிறோம்" என்றான். நகர்ந்தேன். வெளியே வந்து எல்லோரிடமும் எண்பத்தெட்டு என்று சொன்னேன். நர்ஸம்மா கையைக் குலுக்கினார்.

போன வருஷப் பரீட்சையில் இந்த டாக்டரம்மாவுக்குக் கேஸ் நான்தான். எல்லாம் தெரிந்தவர். ஆனால் வெளியூர் டாக்டர்கள் கேட்கக் கேட்க நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. படுக்கையில் படுத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வியாதிப் பெயரை "அக்ரோ..." என்று மூன்று தரம் ஆரம்பித்தார். மீதி வரவில்லை. அந்த வருஷம் போயிற்று.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. காற்று கொஞ்சம் அடித்தால்கூடக் குளிருகிறது. ஸ்டாண்டில் வெயிலைத் தேடி நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போடுகிறேன்.

சலூன்காரர் ஜெயக்கொடி வாசலில் நின்று மடக்கினார். "என்ன பெருசு, சித்திரையில வந்த ஆளு. வேற கடைக்குப் போறியாக்கும்?"

"தாடி வளரலப்பா. வளந்தா வரமாட்டனா?"

"ஒன் மூஞ்சிக்கே வயசாயிருச்சு, வளந்து என்னத்துக்குன்னு விட்டுருச்சு போ."

சிரித்துவிட்டு வந்தேன். கன்னத்தைத் தடவிப் பார்த்தால் பிள்ளைக் கன்னம் மாதிரிதான் இருக்கிறது.

ஜூலை 22

டாக்டரம்மா ஜெராக்ஸ் எடுக்க வந்தார். தலையணை மாதிரி ஒரு புத்தகம். அமலு முக்காலியில் நின்று பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தப் பொஸ்தகத்தப் போன வருஷமும் எடுத்தீங்களே டாக்டர்?" என்றாள் அமலு.

"எடுத்தேன் அக்கா. அத மாமியா அடுப்பு மேடையில வச்சு அதுமேல சட்டியை எறக்கிட்டாங்க. 'அதான் பரீட்சை முடிஞ்சிருச்சே'ன்னாங்க."

அமலு சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்தார். அப்புறம் நிறுத்திவிட்டார்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா முடிஞ்சதுக்கா. மக ஊர்ல மாமியாகிட்டதான் வளர்றா. 'ஒரு தடவைதான் இனிமே'ன்னு எங்க வீட்டுக்காரரும் சொல்லிட்டாரு. கீழக்கரையில போர்டு மாட்டிக் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"காய்ச்சல் டாக்டருக்கு என்ன கொறச்சல்? கூட்டம் அள்ளும்."

"கொறச்சல் இல்லக்கா. எந் தங்கச்சி ஒம்பது வயசுல மவுத்தாயிட்டா. வாந்தி, மூச்சு வாங்குது, தண்ணி தண்ணின்னு கேக்குறா. மூணு டாக்டர் பாத்தாங்க. மூணு பேரும் காய்ச்சலுக்குத்தான் எழுதுனாங்க. பிள்ளைக்குச் சர்க்கரை இருக்குமான்னு ஒருத்தரும் கேக்கல. அதுக்காகத்தான் இதுல வந்தேன்."

மெஷின் வெளிச்சம் போய்ப் போய் வந்தது. அமலு காசு வாங்க மறுத்தாள். டாக்டரம்மா மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 1

முடிவு பண்ணிவிட்டேன். இந்த வருஷமும் நான் கேஸாகப் போகிறேன். அந்தம்மாவுக்கு வாய்த்தால் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடப் போகிறேன்.

கேஸ் வாயைத் திறந்து வியாதிப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கை நடுங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்காது. என் கதை எனக்கு மனப்பாடம். மோதிரம் இறுகியது, செருப்பு ஏழாம் நம்பரிலிருந்து பத்துக்குப் போனது, தொப்பி பற்றவில்லை, ஓரப் பார்வை போனது, மூக்கு வழியாக ஆபரேஷன், சர்க்கரை. டாக்டர்கள் எழுதி முடிக்கிற வரைக்கும் நிறுத்தி, அடுத்த வரியைச் சொல்வேன். அமலுவிடம் ஒருமுறை ஒப்பித்துக் காட்டினேன்.

"சினிமா வசனம் மாதிரி இருக்குண்ணே" என்றாள். "நீங்க சொல்லிக் குடுத்து அவங்க பாஸ் பண்ணுனா, அது யாரு பாஸு?"

"யாரு பாஸா இருந்தா என்ன? பாஸு பாஸுதான்."

"அது சரி. செவத்துல ஏன் சாய்ஞ்சுக்கிட்டே ஒப்பிக்கிறீங்க?"

சாய்ந்தால் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 6

படி ஏறும்போது கண் இருட்டியது. வேர்த்தது. இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

ஆகஸ்ட் 9

நாளைக்குப் பரீட்சை. இன்றே வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாடு தங்கவில்லை. பாத்ரூமில் போய் வாந்தி எடுத்துவிட்டு, குழாயைத் திறந்து கழுவிவிட்டேன். நர்ஸிடம் சொல்லவில்லை. சொன்னால் கேஸை மாற்றிவிடுவார்கள். வேறு எவனாவது என் கட்டிலில் படுத்தால், அந்தம்மாவுக்கு என்ன சொல்லிக் கொடுப்பான்?

அமலு பார்க்க வந்தபோது இதைச் சொன்னேன். எழுதிக்கொண்டே திட்டினாள். நாளை வரைக்கும் பொறுத்துக்கொள் என்றேன்.

ஆகஸ்ட் 13

அமலு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். இப்போதுதான் பேச வருகிறது.

பரீட்சை அன்று காலையில், எந்த டாக்டருக்கு எந்தக் கேஸ் என்று சீட்டுக் குலுக்கினார்கள். டாக்டரம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. "ஐயா, நீங்களா?" என்றார். போன வருஷமும் நான், இந்த வருஷமும் நான்.

மெல்ல, "பயப்படாதம்மா. எல்லாம் அதேதான். அக்ரோமெகலி. ஆபரேஷன் ஆன கேஸு. போன வருஷம் எழுதுனதையே எழுது" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். நான் ஆரம்பித்தேன். மோதிரம், செருப்பு, தொப்பி. அவர் எழுதினார். ஓரப் பார்வைக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நிறுத்துங்கய்யா. நீங்க பாடம் ஒப்பிக்கிறீங்க."

"கதை அதுதானம்மா."

"இது எம்பத்தாறாம் வருஷத்து ஆளோட கதை. இப்ப இங்க படுத்திருக்கிற ஆளு எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்கேன். அதான் சுகர் எறங்கிருச்சே."

"எதனால எறங்குச்சு?"

இறங்கிவிட்டது என்று எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். எதனால் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை, பாதி மாத்திரை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அது அவருக்கும் அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். நாலு வருஷமாக மாதத்துக்கு ஒருமுறை என்னைப் பார்க்கிறார். உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

கன்னத்தைத் தொட்டார். "சவரம் எப்ப பண்ணுனீங்க?"

"சித்திரையில."

"சாப்பாடு?"

"எறங்கல."

படுக்க வைத்துப் பி.பி. பார்த்தார். பிடித்து நிறுத்தி மறுபடியும் பார்க்கப் போனார். எனக்குக் கால் நிற்கவில்லை, கட்டிலில் விழுந்தேன். முந்தின நாள் ராத்திரி வாந்தியைச் சொல்லிவிட்டேன்.

"ஐயா, தலைக்கு ரேடியேஷன் எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

இதே கேள்வியை எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். அவர்கள் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போவார்கள். இவர் போகவில்லை. குரலை இறக்கி, அவர் ஊரில் பேசுகிற மாதிரி கேட்டார்: "கரண்ட் வச்சாங்களா, ஐயா?"

சுனாமி வந்த மறுவருஷம் கட்டி திரும்ப முளைத்தது. வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மாதம் தலைக்குக் கரண்ட் வைத்தார்கள். எங்கள் ஊரில் கரண்ட் வைப்பது என்றால் ஒன்றே ஒன்றுதான்: புத்தி பேதலித்தவனுக்கு வைப்பது. என் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்ணின் அப்பனுக்குத் தலையில் கரண்ட் வைத்தார்களாம் என்று ஒரு வார்த்தை போனால் போதும். அனுப்பி வைத்த பெரிய டாக்டருக்கும் என் பொண்டாட்டிக்கும்தான் அது தெரியும். இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள். பழைய காகிதங்கள் ஒரு மழையில் நனைந்து போயின. வாயை மூடிக்கொண்டேன். மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மூடிய வாய் மூடியபடியே இருந்துவிட்டது.

"வச்சாங்கம்மா" என்றேன். "ஆனா நான் பைத்தியமில்ல."

"பைத்தியமில்ல ஐயா. அதுக்குப் பேருதான் ரேடியேஷன்." அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "கட்டியைச் சுட்டது, போகப் போக அந்தச் சுரப்பியையே சுட்டிருச்சு. உங்க சுகர் நல்லாகல. அந்தச் சுரப்பி சுரக்க வைக்கிற, உடம்பைத் தாங்குற சத்து நின்னுபோச்சு, தாடி வளராததும் அதனாலதான். அதான் சுகர் எறங்குது."

திரையை விலக்கி நர்ஸைக் கூப்பிட்டார். முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார், அப்புறம் ஊசி, அப்புறம் பாட்டில். பரீட்சையைக் கண்காணிக்கிற சின்ன டாக்டர் ஓடிவந்தார்.

"மேடம், டைம் போகுது. டியூட்டி டாக்டருக்குச் சொல்லியாச்சு. நீங்க எழுதுங்க."

"அவர் வர்ற வரைக்கும் இவர் தாங்கணுமே."

"பேப்பர் பாதி காலியா இருக்கு மேடம்."

"இருக்கட்டும்" என்றார். ஊசியை அவரே போட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அடிக்கிற வரைக்கும் விடவில்லை.

ஆகஸ்ட் 14

மீதியை நேற்றுச் சொல்ல முடியவில்லை. தூங்கிவிட்டேன்.

மணி அடித்ததும் வெளியூர் டாக்டர்கள் நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பேப்பரைப் பார்க்காமலே சொன்னார். நாக்கு ஒட்டவில்லை. நடுவில் நின்றவர் கையைக் காட்டி நிறுத்தினார். பெயர் டாக்டர் திருவேங்கடம்.

"எங்க பேப்பர்ல ரேடியேஷன் இல்லன்னு இருக்கு. உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"ஐயாதான் சார்."

"ஐயாதானே சொல்லுவாரு!" என்றார் அவர். மற்றவர்கள் சிரித்தார்கள். கேஸே விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டான் என்று சிரிக்கிறார்கள், டாக்டரம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போய் வெளியே போனார்.

சாயந்திரம் அந்தத் திருவேங்கடம் டாக்டர் தனியாக வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பெரியகை, என்னைத் தெரியுதா?"

"தெரியும். தொண்ணூத்தாறுல எம்.டி. பரீட்சைக்கு வந்தீங்க. நீலச் சட்டை, பையில பேனா கசிஞ்சிருந்துச்சு. மைக்கறையை மறைக்கக் கைய நெஞ்சுல வச்சுக்கிட்டே இருந்தீங்க. வியாதிப் பேர நான்தான் சொன்னேன்."

அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். "அதனாலதான் கேக்குறேன். இந்தப் பொண்ணுக்கும் சொன்னீங்களா? நெசத்தைச் சொல்லுங்க. சொன்னீங்கன்னா நான் பாஸ் போட முடியாது."

"சொன்னேன்."

அவர் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க சார். சொன்னேன், அந்தம்மா எடுத்துக்கல. போன வருஷம் எழுதுனதையே எழுதுன்னேன். எழுதியிருந்தா உங்க பேப்பர்ல இருக்கிறது அப்படியே வந்திருக்கும். அந்தம்மா பாஸ், நான் சாயந்திரம் பொணம். கரண்ட் வச்சத, செத்துப்போன என் பொண்டாட்டியத் தவிர ஒருத்தருக்கும் சொன்னதில்ல. அது என் வியாதிக்குச் சம்பந்தப்பட்டதுன்னு எனக்கே தெரியாது. தெரியாதத எப்படி சார் சொல்லிக் குடுக்குறது?"

"இத்தனை வருஷம் ஏன் மறைச்சீங்க?"

"எல்லாரும் ரேடியேஷன் எடுத்தியான்னு கேட்டாங்க. நான் எதையும் எடுக்கலையே. எனக்கு வச்சது கரண்ட்டு."

அவர் மறுபடியும் உட்கார்ந்தார். என் கையை எடுத்து அவர் கையில் வைத்துப் பார்த்தார். பரீட்சையில் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி இல்லை.

"நானும் ரேடியேஷன்னுதான் கேட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 18

அமலுவிடம் தினமும் ஒரே கேள்வி. ரிசல்ட் வந்ததா? வரவில்லை.

ஆகஸ்ட் 26

வந்துவிட்டது. டாக்டரம்மா பாஸ்.

சாயந்திரம் ஜெராக்ஸ் கடைக்கே வந்தார். கீழக்கரையிலிருந்து தொதல் அல்வா கொண்டுவந்திருந்தார். அமலுவுக்கு ஒரு டப்பா. எனக்கு விரல் நுனி அளவில் ஒரே துண்டு. அதைக்கூட யோசித்து யோசித்துத்தான் கொடுத்தார். காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று என்று புது மாத்திரை. ஒருவேளைகூட விடக் கூடாது, காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாகப் போட வேண்டும் என்று மறுபடியும் சொன்னார். எனக்குப் பசிக்கிறது. இரண்டு நாளாக வெயிலைத் தேடவில்லை.

இங்கேயே வேலை கேட்டிருக்கிறாராம். மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடப் போகிறார். "மாமியா என்ன சொன்னாங்க?" என்று அமலு கேட்டாள். "பழைய பொஸ்தகத்துல சட்டி வட்டம் இருக்கு, புதுசு இருந்தா அனுப்புன்னாங்க" என்றார். சிரித்து முடித்ததும் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஐயா, நீங்க முதல் தடவை கேஸா வந்தப்ப உங்ககூட யார் யார் இருந்தாங்க? உங்கள மாதிரியே அவங்களையும் யாரும் கேக்காம விட்டிருப்பாங்க, ஒவ்வொருத்தரா உக்கார வச்சு ஒரு மணி நேரம் கேக்கப் போறேன். ஓ.பி.யில இல்ல, தனியா."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த வரிசை அப்படியே கண்ணில் இருக்கிறது. வரிசைப்படியே சொன்னேன், அமலு எழுதிக்கொண்டே வந்தாள்.

முதலில் சுடலையாண்டி. கழுத்தில் தேங்காய் அளவு வீக்கம், கை கால் உதறும். ஆபரேஷனுக்குப் பயந்து ஓடிப்போய், ஊரில் நெஞ்சு படபடத்துச் செத்தான். அடுத்தது இருதயராஜ். பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை ஊசி. கிட்னி போய், மகன் பிறந்த வருஷமே அவன் போனான். அடுத்தது பாப்பம்மாள். நிலா மாதிரி வட்ட முகம். முகம் வற்றிவிட்டது, நல்லாயிட்டேன் என்று மாத்திரையை நிறுத்திச் சந்தோஷமாக ஊருக்குப் போனாள். எட்டு நாளில் வாந்தி வாந்தியாக எடுத்துச் செத்தாள். வயிற்றுக் கோளாறு என்றார்கள்.

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். "அதே சத்து நின்னுதான் போயிருக்காங்க. அப்புறம்?"

கமருன்னிஸா. உடம்பெல்லாம் கறுத்து, உப்பை அள்ளி அள்ளித் தின்பாள். நல்ல பாட்டுக்காரி. கொரோனாவில் போனாள்.

"அவ்வளவுதானா? வேற யாருமே இல்லையா?"

"என்னத் தவிர இன்னும் ஒரு ஆள் இருக்கு. அப்ப சின்னப் பிள்ளை, பெஞ்சுக் கடைசியில உக்காந்திருக்கும், கால் தரையில எட்டாது. ஓ.பி. பக்கம் வந்து ஆறு வருஷமாச்சு. கடையப் பூட்டுனா வாடகைக்கு யாருங்குது. வாரத்துல ரெண்டு நாள் தல சுத்திக் கெடக்குது, எங்கிட்டயும் சொல்லாது."

"என்னை எதுக்குண்ணே இழுக்குறீங்க?" என்றாள் அமலு. பேனாவை வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா எழுந்து அவள் பக்கம் திரும்பினார். "நாலு வருஷமா உங்ககிட்ட ஜெராக்ஸ் எடுக்குறேன்கா. அக்கா அக்கான்னு கூப்பிட்டேன். உங்க முழுப் பேருகூட நான் கேக்கல."

அமலு முக்காலியிலிருந்து இறங்கி மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தலை மட்டும் தெரிந்தது.

"எழுது தாயி" என்றேன். "நான் சொல்றத எழுதுறதுன்னுதான ஒனக்கும் எனக்கும் பேச்சு."

திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அன்று பெஞ்சில் இருந்தவர்களில் என்னோடு மிச்சம் இருப்பவளின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: அமலோற்பவம்.